பழைய தண்ணீர்த் தொட்டியில் செர்ரி பார்ப்: வாழைமரம், மழைநீர், வாதுமை இலை

எங்கள் பெரம்பூர் வீட்டின் பக்கச் சந்தில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், கீழே செங்கல் மேடை. 2019 கோடையில் ஏரியெல்லாம் வறண்டு, லாரி வரும் நேரம் தெரியாமல் தெருவே குடத்தோடு காத்திருந்த சமயத்தில், கிடைக்கிற அன்றைக்குப் பிடித்து வைத்துக்கொள்ள அப்பா கட்டச் சொன்னது. அப்புறம் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் அது காலி பெயிண்ட் டப்பாவுக்கும் கால் உடைந்த நாற்காலிக்கும் இடமாகிப் போனது. இடித்துவிட்டு வண்டி நிறுத்தலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோதுதான் நான் மீன் விடுகிறேன் என்று சொன்னேன். "என்னவோ பண்ணு, கொசு வந்தா உன்னைத்தான் கேப்பேன்" என்றார் அம்மா. சரி என்றேன்.

மீன் எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. செர்ரி பார்ப். கடைகளில் அந்தப் பெயரில்தான் கேட்க வேண்டும். நம்மூர்க் குள்ளக் கெண்டைகளுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அறிவியல் பெயர் புன்டியஸ் டிட்டேயா, 1929-இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல விவரித்துப் பெயரிட்டது. வளர்ந்தால் ஐந்து சென்டிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உலகம் முழுக்க வண்ணமீன் கடைகளில் கிடைக்கிறது, ஆனால் இயற்கையில் அது இருக்கிற இடம் இலங்கையின் தென்மேற்கு மூலை மட்டும்தான்: களனி கங்கையிலிருந்து நில்வளா கங்கை வரை உள்ள ஆற்றுப்படுகைகள், அதிலும் தாழ்நிலத்து மழைக்காட்டு ஓடைகள். சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒரு மீன் உலகச் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்பு' வரிசையில் இருக்கிறது. அதே மீன் மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் எவரோ ஆற்றில் விட்டு அங்கே பெருகிக் கிடக்கிறது. சொந்த ஊரில் தேய்கிறது, வந்த ஊரில் பெருகுகிறது. இதை நினைத்தால் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும்.

கண்ணாடித் தொட்டியில் பளீர் விளக்கும் நீல நிறக் கல்லும் போட்டு இந்த மீனை வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வெளுத்துப்போய், மூலையில் ஒண்டிக்கொண்டு, செர்ரி என்ற பெயர் எதற்கு என்று கேட்கிற மாதிரி இருக்கும். காரணம் ரொம்ப எளிது. இது நிழல் மீன். இதன் ஓடைகள் ஆழம் குறைந்தவை, மெதுவாக ஓடுபவை, மேலே மரங்கள் கூரை போட்டதால் பகலிலும் மங்கல். அடியில் வண்டல், அதன்மேல் உதிர்ந்த இலைகள் அடுக்கடுக்காக. இதைத்தான் தொட்டியில் கொண்டுவரப் பார்த்தேன். மீன் வாங்குவது கடைசி வேலை.

முதல் வேலை ஓட்டை. தொட்டியில் கசிவு இருப்பது வெளிச்சுவரில் படிந்த வெள்ளை உப்பைப் பார்த்தாலே தெரிந்தது, ஆனால் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி: தொட்டியை நிரப்பிப் பென்சிலால் மட்டம் குறித்துக்கொண்டு, பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் மட்டம் குறிக்க வேண்டும். ஆவியாவது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வாளியைவிடத் தொட்டியில் கூடுதலாக எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் கசிவு. மறுநாள் காலை வாளியில் ஒரு நூல், தொட்டியில் முக்கால் அங்குலம். பின்னே இருக்காதா, அவசரத்தில் கட்டிய தொட்டி. தண்ணீர் எந்த மட்டத்தில் இறங்குவதை நிறுத்துகிறதோ அங்கேதான் விரிசல் என்று சொல்வார்கள். என்னுடையது கடைசிவரை இறங்கியது, ஆகவே அடித்தளமும் சுவரும் சேரும் மூலை.

விரிசல்மேல் அப்படியே சிமெண்டை அப்பிவிடலாம் என்று கையில் எடுத்தபோது, எதிர்வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் எட்டிப் பார்த்து, "தம்பி, மேலாப்புல பூசினா ஒரு மழைக்கு நிக்காது. வாயைப் பெருசாக்கிட்டுப் பூசு" என்றார். அண்ணன் சொன்னதுதான் சரி. உளியால் விரிசல் நெடுக ஒரு அங்குல அகலத்துக்கு உள்நோக்கிக் குறுகுகிற மாதிரி வெட்டி, தூசியைத் தூரிகையால் தட்டி, நன்றாக நனைத்து, முதலில் சிமெண்ட் பால் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே ஒன்றுக்கு மூன்று கலவையில் நீர்க்கசிவு தடுக்கும் திரவம் சேர்த்து அழுத்தி நிரப்பினேன். மூலையைக் கூராக விடாமல் ஒரு கண்ணாடிப் புட்டியின் வயிற்றை வைத்து இழுத்து வளைவாக்கிவிட்டால் பிற்பாடு அழுக்கும் தங்காது, தண்ணீரின் அழுத்தமும் ஒரே கோட்டில் விழாது. ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு ஆறவைத்து, மறுபடி வாளிச் சோதனை. இரண்டும் சமம்.

இனிமேல்தான் உண்மையான தலைவலி. புது சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும். அதில் நிற்கிற தண்ணீரின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, பத்துக்கு மேல் போகும், எந்த மீனும் தாங்காது. நம்மூர் மீன் பண்ணைகளில் இதற்கு வைத்தியம் வாழைத்தண்டும் மாட்டுச்சாணமும். தண்டு அழுகும்போது உண்டாகும் அமிலங்களும் கரியமில வாயுவும் சுண்ணாம்போடு சேர்ந்து அதன் வீரியத்தைக் குறைக்கின்றன. வாழைத்தண்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலை எந்தக் கல்யாண மண்டப வாசலுக்கும் போங்கள், கட்டியிருந்த வாழைமரங்களைத் தெருவில் எறிந்திருப்பார்கள். இரண்டு மரத்தை வண்டியில் வைத்து வந்து, தடித்தடியாக நறுக்கித் தொட்டி நிறையப் போட்டு, கல் வைத்து அமுக்கினேன். நாற்றம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுதாமல் விடுவது நல்லது. பக்கத்து வீட்டு மாமி மாடியிலிருந்து, "ஏம்ப்பா, சாக்கடை எங்கியாவது அடைச்சிண்டிருக்கா பாரேன்" என்று கவலையோடு கேட்டார். வாழைமரம் மாமி என்றேன், நம்பவில்லை.

தண்டு கூழானதும் அள்ளி எடுத்துச் செடிகளுக்குப் போட்டுவிட்டு, தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீர் நிரப்பினால் பிஎச் எட்டுக்குக் கீழே அப்படியே நின்றது. கப்பியோ திலேப்பியாவோ விடுபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நான் விடப்போவது மழைநீர். அதில் கனிமங்கள் கிட்டத்தட்ட கிடையாது; அந்தப் பசியில் சுவரிலிருந்து சுண்ணாம்பை இழுத்துக்கொண்டே இருக்கும். சோதித்துப் பார்த்தேன்: 6.7-இல் ஊற்றிய மழைநீர் ஒரு வாரத்துக்குள் 8.3. எனவே சுவருக்குத் தோல் போர்த்தியே ஆக வேண்டும். குளத்துக்கு விரிக்கிற கறுப்பு ஷீட் போட்டால் முடிந்ததே என்று கேட்பீர்கள். போடலாம்தான், ஆனால் செவ்வகத் தொட்டியின் மூலைகளில் அது மடிப்பு மடிப்பாக நிற்கும், மடிப்புக்குள் இறந்த மீனும் சாப்பாட்டுத் துணுக்கும் சிக்கும், எங்கள் சந்தில் பெருச்சாளி வேறு உண்டு. குடிநீர்த் தொட்டிக்கென்று இரண்டு டப்பாவாக விற்கிற, கலந்து அடிக்க வேண்டிய எபாக்ஸி பூச்சுதான் சரி என்று முடிவு செய்தேன்.

எபாக்ஸி அடிப்பவர்கள் கவனிக்க: சுவர் காய்ந்துவிட்டது என்று கை சொல்வதை நம்பக் கூடாது. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளுக்கு உள்ளே வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது, அடித்தால் கொப்பளித்து உரியும். சித்திரை வெயிலிலேயே எங்கள் தொட்டி காய நாள் பிடித்தது. இரண்டு டப்பாவையும் கலந்தபின் சீக்கிரம் இறுக ஆரம்பித்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அடிக்க வேண்டும். இரண்டு பூச்சு, நடுவே ஒரு நாள் இடைவெளி, அப்புறம் டப்பாவில் எழுதியிருக்கிறபடி முழுதாக இறுகும்வரை தண்ணீர் கூடாது. நிறம் கேட்டார்கள், கடையில் வெளிர் நீலம்தான் அதிகம் ஓடுகிறதாம். நான் அடர் சாம்பல் கேட்டு வாங்கினேன். வெளிறிய பின்னணியில் இந்த மீன் தன் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும், பறவைக் கண்ணுக்குப் படாமல் இருக்க அதன் பிழைப்பு அப்படி.

மணல். ஆற்று மணல் என்று விற்பதில் கிளிஞ்சல் தூள் நிறைய இருக்கும், அதுவும் சுண்ணாம்புதான். ஒரு பிடியைக் கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றினேன். குமிழி வந்தால் வேண்டாம். முதலில் கிடைத்த மணல் நன்றாகவே குமிழி விட்டது, அது தொட்டிச் செடிகளுக்குப் போனது. இரண்டாவது கடை மணல் சும்மா இருந்தது. அதை அலசி, இரண்டு அங்குலம் பரப்பி, மேலே கைப்பிடி அளவு களிமண் தூளைத் தூவினேன், வண்டல் மாதிரி இருக்கட்டும் என்று. தண்ணீர் இரண்டு நாள் கலங்கலாக இருந்து தெளிந்தது.

வண்டல் என்று எழுதும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த மீனுக்கு வண்டல் பழக்கம்தான், ஆனால் ஓடையில் மெல்ல மெல்லப் படிகிற வண்டல் வேறு, காட்டை வெட்டியதும் மழையில் மலையே கரைந்து வருகிற சேறு வேறு. இலங்கையின் ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் சென்னைக்கு 1,400 சொச்சம், அதற்கே நாம் படுகிற பாடு தெரியும். அந்த மழையைத் தாங்கி நிற்பது காடு. பிரிட்டிஷ் காலத்திலிருந்து தேயிலைக்கும் ரப்பருக்கும் வெட்டிவெட்டி இன்றைக்குத் தாழ்நில மழைக்காடு துண்டு துண்டாகத்தான் மிச்சம். பெரிய துண்டு, 1988-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சிங்கராஜ வனம். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் கல் தோண்டுவதும் சேற்றை ஓடைகளில் இறக்குகிறது. தோட்டங்களின் பூச்சிமருந்து தனிக் கதை. வண்ணமீன் வியாபாரத்துக்காகப் பிடித்ததும் ஒரு காரணம்தான், அதை நான் மறுக்கவில்லை, மீன் வளர்ப்பவன் என்ற முறையில் அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு. ஆனால் பிடிப்பதை நிறுத்தினால் மீதி மீன்கள் முட்டையிட்டுப் பெருகிக்கொள்ளும். மரம் போனால் ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும் மீன் திரும்பாது.

மரத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்பது தொட்டியில் இலை போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நிழல் ஓடையில் பாசி அதிகம் வளராது, வெளிச்சம் இல்லையே. அப்படியானால் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? மேலேயிருந்து. உதிர்கிற இலை, இலையை மக்கவைக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும், அவற்றைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், கொசுப் புழு, தவறி விழும் எறும்பு. செர்ரி பார்ப் இதையெல்லாம் பொறுக்கித் தின்கிற மீன். மக்கிய துணுக்கு, நுண்பாசி, பூச்சிப் புழு, எதையும் விடாது. ஆக காடுதான் ஓடைக்குச் சமையலறை, கூரை, குளிர்சாதனம் எல்லாமே.

சென்னையில் இலைக்குப் பஞ்சமில்லை. நாட்டு வாதுமை மரம் இல்லாத தெரு உண்டா? சிவந்து தானாக உதிர்ந்து காய்ந்த இலையாகப் பொறுக்க வேண்டும். பச்சை இலை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பேருந்து போகிற சாலை ஓரம், மருந்து அடிக்கிற பூங்கா, இரண்டும் வேண்டாம். எங்கள் பகுதிப் பள்ளிக்கூட மதிலுக்குள் நிற்கிற மரம் சந்துப் பக்கம் உதிர்ப்பதை நான் பெருக்கிக் கொடுத்ததில் காவலாளி ஐயாவுக்கு மகிழ்ச்சி. கழுவி, வெந்நீர் ஊற்றி ஒரு இரவு வைத்து, மறுநாள் தொட்டியில் போட்டால் நான்கைந்து நாளில் கனத்துக் கீழே இறங்கும். தண்ணீர் டிகாஷன் நிறமாகும். பார்க்கிறவர்கள் அழுக்குத் தண்ணீர் என்பார்கள், என்றார்கள். இலைகளின் ஓரம் வழுவழுப்பாக ஒரு படலம் கட்டும், அதைத் துடைத்து எடுக்காதீர்கள், குஞ்சுகளின் முதல் சாப்பாடு அது.

தண்ணீர்க் கணக்கு இது. எங்கள் குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, மீட்டரில் 380 சுற்றி வரும். ஆழ்துளைக் கிணறு ஆயிரத்தைத் தாண்டும், அதைத் தொடவே இல்லை. மாடியில் விழும் மழைநீரை, முதல் கால் மணி நேரத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, நீல ட்ரம்களில் பிடித்து மூடி வைத்தேன். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது வீட்டுக்கு வீடு போட்ட குழாய்தான், அதில் ஒரு பிரிவு வைத்து ட்ரம்முக்குத் திருப்புவது அரை நாள் வேலை. அந்தத் தண்ணீரின் டிடிஎஸ் 25. வெறும் மழைநீரையே விடக் கூடாது. தாங்கிப் பிடிக்க உப்பு எதுவும் இல்லாததால் இலைச்சாறு சேரச் சேர பிஎச் சடாரென்று விழும். மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர், குழாய்த் தண்ணீரைக் குளோரின் முறிக்கும் மருந்து சொட்டுப் போட்டு. கலந்தால் 115-ஐ ஒட்டி வரும், பிஎச் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில். தண்ணீர் ஆழம் ஒரு அடிதான், மொத்தம் சுமார் 225 லிட்டர். ஓடையும் அவ்வளவு ஆழம்தான்.

நிழலுக்கு நர்சரிகளில் விற்கிற எழுபத்தைந்து சதவீதப் பச்சை வலை, இரண்டு மடிப்பு, ஒரு சாண் இடைவெளி விட்டு மேலும் கீழுமாக. ஒட்டிப் போட்டால் சூடு கீழே இறங்கும், இடைவெளி இருந்தால் காற்று ஓடும். சந்துக்குள் நேர் வெயில் உச்சி நேரத்தில்தான் வரும் என்பதும், தொட்டி மாடியில் இல்லாமல் கீழே இருப்பதும் நல்லதாகப் போயிற்று. அக்னி நட்சத்திரத்தில் மாடி ட்ரம்மில் 36 டிகிரி காட்டிய அதே மத்தியானம் தொட்டியில் 30. இந்த மீனுக்கு 23 முதல் 27 வரைதான் சுகம், 30 என்பது பொறுத்துக்கொள்ளும் எல்லை. சிறு மின்விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிரவைக்கலாம் என்பார்கள். மதுரையில் வேலை செய்யலாம், சென்னையில் கடல்காற்று ஏறிய பிறகு ஈரப்பதத்தில் அது ஒரு டிகிரி குறைத்தால் பெரிது. ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவதை நான் செய்வதில்லை, விடும்போது ஏறி இறங்குகிற ஏற்றத்தாழ்வு 30-ஐவிடக் கெடுதல். வெளிச்சுவரில் ஈரச் சாக்கு, மீனுக்குக் குறைந்த சாப்பாடு, காற்று மோட்டார் நிற்காமல், இவ்வளவுதான். கோடையில் ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் மழைநீரை மட்டுமே ஊற்ற வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரண்டு மாதத்தில் ஓடை கடலாகிவிடும்.

செடிக்கு வேலம்பாசி ஒரு கட்டு, ஜாவா பாசி இரண்டு உருண்டை, ஒரு மா வேர். வடிகட்டி என்று பார்த்தால் காற்றில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஒன்றுதான், சலசலப்பு இந்த மீனுக்குப் பிடிக்காது.

இத்தனைக்கும் அப்புறம்தான் கொளத்தூர் போனேன். அங்கே வண்ணமீன் கடைகளில் செர்ரி பார்ப் எப்போதும் கிடைக்கும், பண்ணையில் பல தலைமுறை பொரித்தவை, காட்டிலிருந்து பிடித்தவை இல்லை. இதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் வாங்கினேன். நீள வால், வெள்ளை அல்பினோ என்று வேறு ரகங்களும் காட்டுவார்கள், வேண்டாம். "அண்ணா, எல்லாமே வெளுப்பா இருக்கே" என்றேன். "வீட்டுக்குக் கொண்டுபோய் நிழல்ல விடு, அப்புறம் பாரு" என்றார் கடைக்காரர், மீன் தெரிந்த மனிதர். ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்கிற கணக்கில் பன்னிரண்டு. ஒல்லியாக, துடுப்பில் லேசாகச் சிவப்பு ஏறியது ஆண். வயிறு உருண்டு பழுப்பாக இருப்பது பெண். கடைத் தண்ணீர் கடினத் தண்ணீர், என்னுடையது மென்மை. பையை அப்படியே கவிழ்த்தால் செத்துப்போகும். தனி டப்பில் வைத்து மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்கி, சில மணி நேரம் எடுத்து மாற்றினேன், அதே டப்பில் கொஞ்ச நாள் வைத்து வெள்ளைப்புள்ளி நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் பெரிய தொட்டி.

விட்டதும் இலைக்கடியில் போனவை இரண்டு நாள் கண்ணில் படவே இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, வந்தவற்றைப் பார்த்தால் நான் வாங்கியவைதானா என்று சந்தேகம். ஆணின் உடம்பு செங்கல் நிறத்தில் ஆரம்பித்து நாளுக்கு நாள் கறுத்துச் சிவந்தது. மூக்கு நுனியில் தொடங்கிக் கண் வழியாக வால்வரை ஓடும் பழுப்புக் கோடு சிவப்புக்குள் பாதி மூழ்கிவிடும், கோட்டுக்கு மேலே மெல்லிய பொன்னிறம் மட்டும் தனியாகத் தெரியும். இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் கடித்துக்கொள்வதில்லை. தலைக்கு வால் என்று பக்கம் பக்கமாக நின்று, எல்லாத் துடுப்பையும் விரித்து, ஒரே இடத்தில் வட்டம் சுற்றுகின்றன. சுற்றச் சுற்ற நிறம் ஏறுகிறது. யார் முதலில் துடுப்பை மடக்குகிறாரோ அவர் தோற்றவர், அந்த நொடியிலேயே அவர் நிறமும் இறங்கிவிடும். வலையின் ஒரு ஓரத்தை விலக்கி வெளிச்சம் விழவைத்துப் பார்த்தேன்: சிறிது நேரத்தில் எல்லாம் நிழல் பக்கம் போய்விட்டன, வெளிச்சத்தில் மாட்டிய ஒன்று வெளுத்து நின்றது. வலையை மூடிவிட்டேன்.

நடுவில் கார்ப்பரேஷன் கொசு ஒழிப்பு அக்கா வந்தார். தண்ணீர் நிற்கிற தொட்டி என்றதும் முகம் மாறிவிட்டது. "சார், மூடி வெக்கணும்னு எத்தினி தடவ சொல்றது" என்றபடி டார்ச் அடித்துப் பார்த்தவர், "இது நாங்க கெணத்துல விடற மீன் இல்லையே" என்றார். சோதனைக்காக மாமி வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் இருந்த கொசுப் புழுக்களைக் கரண்டியில் அள்ளி வந்து ஊற்றினார். இலைக்கடியிலிருந்து ஏழெட்டு வந்து ஒரே நிமிடத்தில் துடைத்துவிட்டன. "அட, இதுங்களே போதும் போல" என்று சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போனார். பூந்தொட்டிக்காக மாமிக்குத்தான் திட்டு விழுந்தது. என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைக்கிறேன்.

முட்டை வடகிழக்குப் பருவமழையோடு வந்தது. வலையைச் சுருட்டிவிட்டு ஒரு இரவு நேர் மழை விழவிட்டேன். தண்ணீர் 25 டிகிரிக்கு இறங்கி, மறுநாள் விடிந்ததும் ஆண்கள் பெண்களைப் பாசி உருண்டைக்குள் துரத்திக்கொண்டிருந்தன. பெண் ஒன்றிரண்டு முட்டையாகப் பாசியில் விட்டுக்கொண்டே போகும், பின்னாலேயே மற்ற மீன்கள் வந்து தின்றுகொண்டே போகும். தாய் தகப்பன் உட்பட. பண்ணைக்காரர்கள் அதனால்தான் பெற்றோரை உடனே எடுத்துவிடுவார்கள். நான் பாதிப் பாசியை மட்டும் ஒரு டப்புக்கு மாற்றிவிட்டு, மீதியை இலைகளின் பொறுப்பில் விட்டேன், இலைக்குவியல் எவ்வளவு காப்பாற்றுகிறது என்று பார்க்க வேண்டும் என்றிருந்தது. டப்பில் ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, கண்ணாடித் துணுக்கில் இரண்டு கண் வைத்தது போலப் பாசியில் ஒட்டிக்கொண்டு தொங்கின. பொடிப்பொடியாக அரைத்த சாப்பாடு எதுவும் அந்த வாய்க்குள் போகாது. மக்கிய வாதுமை இலை ஒன்றைத் தொட்டியிலிருந்து எடுத்து டப்பில் உதறினேன், உதறினால் விழுகிற நுண்ணுயிர்கள் முதல் சில நாளுக்குப் போதும், பிறகு நுண்புழு, ஆர்டிமியா என்கிற பொடி உப்புநீர் இறால் குஞ்சு. டப்பில் பிழைத்தவை ஏராளம். பெரிய தொட்டியில் பிழைத்தவை விரல்விட்டு எண்ணலாம், ஆனால் அவைதான் சுறுசுறுப்பு, கொழு கொழுவென்று இருக்கின்றன. தட்டான் குஞ்சு ஒன்றும் கிடைத்தது, குஞ்சுகள் குறைந்ததற்கு அந்த மகராசனும் காரணம். இப்போது நிழல் வலைக்குக் கீழே கொசுவலை ஒன்றும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

பெருகிய குஞ்சுகளைப் பற்றிச் சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள்: அழிகிற மீன்தானே, இலங்கைக்கு அனுப்பலாமே, இல்லாவிட்டால் நம் ஏரியில் விடலாமே என்று. இரண்டும் கூடாது. பண்ணையில் பல தலைமுறை சிவப்புக்காகத் தேர்ந்தெடுத்துக் கலந்த மீன் இது, எந்த ஆற்றுப்படுகையின் வாரிசு என்று எவராலும் சொல்ல முடியாது. அதைக் காட்டு ஓடையில் விட்டால் அங்கே மிச்சமிருக்கிற இனத்தையும் கலப்படம் செய்வதாகும், நோயும் சேர்ந்து போகும். நம் ஏரிகளில் விடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெருத்ததும் ஏரியில் கொட்டிய சக்கர் மீன் வலையைக் கிழிப்பதாக எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார். என் குஞ்சுகள் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குப் போகின்றன, நிழலும் இலையும் போடச் சம்மதித்தால் மட்டும். மிச்சம் கொளத்தூர் அண்ணன் எடுத்துக்கொள்கிறார்.

இதே காரணத்துக்காகத்தான் இப்போது வழிந்தோடும் குழாய் வேலை. ஐப்பசியில் ஒரே இரவில் தொட்டி நிரம்பி வழிந்தால் மீன் சந்து வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து மழைநீர்க் கால்வாய்க்கும் போய்விடும். விளிம்புக்கு நான்கு அங்குலம் கீழே துளை போட்டு ஒன்றேகால் அங்குல பிவிசி குழாய், உள்வாயில் துருப்பிடிக்காத எஃகு வலை, வலைக்கு முன்னால் ஸ்பாஞ்ச் ஒன்று, இல்லாவிட்டால் வாதுமை இலை வந்து வலையை அடைத்துக்கொள்ளும். குழாயின் மறுமுனை தெருவுக்குப் போகாமல் வாழைக்கன்று வைத்த குழிக்குள் இறங்குகிறது, அடியில் ஜல்லி போட்டிருப்பதால் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும். எபாக்ஸியில் துளை போட்ட இடத்தில் சிமெண்ட் தெரியும், அந்த விளிம்புக்கும் எபாக்ஸி தடவ மறக்க வேண்டாம். தடவியாயிற்று, காய்கிறது. கிழக்குப் பக்கம் கொசுவலையை இழுத்துக்கட்ட ஒரு கொக்கி மட்டும் பாக்கி, ட்ரில் மெஷினை எதிர்வீட்டுக் கொத்தனார் வாங்கிப் போயிருக்கிறார், வந்ததும் போட வேண்டும்.